சுற்றுச்சூழல் அறிக்கையில் பூஞ்சைக்கும் பக்கம் ஒதுக்குங்கள்

2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் சிலியும் பிரிட்டனும் சேர்ந்து பூஞ்சைப் பாதுகாப்பு உறுதிமொழியை முன்வைத்தன. நல்ல காரியம். ஆனால் அணைக்கும் சுரங்கத்துக்கும் அனுமதி கேட்டு வரும் அறிக்கையில் பூஞ்சை இடம்பெறாதவரை அந்த உறுதிமொழிக்குப் பலமில்லை. சிலி 2010-லேயே தன் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி, விலங்கு, தாவரங்களோடு பூஞ்சையையும் சேர்த்தது. சிலியின் பூஞ்சை ஆய்வாளர் ஜூலியானா ஃபூர்ச்சி போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதன் பலன் அது. மற்ற நாடுகளும் இதைத்தான் செய்ய வேண்டும்.

சட்டம் வந்தாலும் கணக்கெடுப்பு கெட்டுப்போகலாம். நாம் பார்க்கும் காளான், ஸ்போர் எனும் விதைபோன்ற நுண்துகளைப் பரப்பச் சில நாள் தலைகாட்டும் உறுப்பு மட்டுமே. உடல் முழுவதும் மண்ணிலோ மரத்திலோ இழைகளாகக் கிடக்கிறது. சில இனங்கள் பல ஆண்டுகள் காளானே விடாது. கோடையில் ஒருநாள் சுற்றிவிட்டு 'இங்கே எதுவும் இல்லை' என்று எழுதுவது பெரும் தவறு. மழைக்காலத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று முறையாவது, அதுவும் சில ஆண்டுகள் தொடர்ந்து போக வேண்டும்.

காளானைப் பிடுங்கக் கூடாது, கத்தியால் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். தண்டின் அடியில் உள்ள உறை மண்ணிலேயே தங்கிவிட்டால் சில இனங்களை அடையாளம் காணவே முடியாது. குடையின் மேல்புறம், கீழ்ப்புறம், தண்டின் அடி என்று படமெடுத்து, பக்கத்தில் நிற்கும் மரத்தையும் குறிக்க வேண்டும்; மர வேர்களோடு இணைந்து வாழும் வேர்ப்பூஞ்சைகள் பல குறிப்பிட்ட மரங்களை நம்பி வாழ்பவை. பிறகு சுமார் 40 டிகிரி வெப்பக்காற்றில் மொறுமொறுவென உலர்த்தி, எண்ணிட்டு, உலர்மாதிரிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும்.

மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். துணைக்கு அது நல்லது. ஆனால் கிடைக்கும் டி.என்.ஏ. வரிசைகளில் பெரும்பகுதி எந்த இனத்துடையது என்று சொல்லப் பெயரே இல்லை. சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்கிறது மதிப்பீடு. பெயரிட்டிருப்பதோ ஒன்றரை லட்சத்துச் சொச்சம். பெயரில்லாத இனம், அழியும் அபாயத்தை மதிப்பிடும் ஐ.யு.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் ஏறுவது மிக அரிது.

அந்தப் பட்டியலில் 2025 மார்ச்சில் பூஞ்சைகள் சுமார் 1,300-ஐத் தொட்டன. அவற்றில் 411 அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. இந்த விகிதத்தை எல்லாப் பூஞ்சைக்கும் பொருத்திவிடக் கூடாது. கண்ணில் படும் பெரிய இனங்களே முதலில் மதிப்பிடப்படுகின்றன. இன்னொரு சிக்கல், பத்துக் காளான் ஒரே இழைக்கூட்டத்தின் விளைச்சலாக இருக்கலாம் என்பதால் எண்ணுவதே கடினம். பட்டியலுக்காக ஓர் இனத்தின் சரிவை மூன்று தலைமுறைக் காலத்தில் அளக்கிறார்கள். வேர்ப்பூஞ்சைகளுக்கு மூன்று தலைமுறை என்றால் பொதுவாக 50 ஆண்டு என்று கொள்கிறார்கள். ஆகவே பழைய உலர்மாதிரிகள் இல்லாமல் சரிவைக் காட்டவே முடியாது.

சிசிலியின் மதோனியே மலையில் சுண்ணாம்புப் புல்வெளிகளில் வளரும் ஒரு சிப்பிக்காளான் 2006-இல் மிக மோசமான அபாய நிலையில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு 250-க்கும் குறைவான காளான்களே முதிர்ச்சியடைந்தன. நல்ல விலை கிடைப்பதால் ஸ்போர் உதிர்க்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். எந்தச் செடியின் அடியில், எந்த மாதத்தில் முளைக்கிறது என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 3 செ.மீ.க்குக் குறைந்த குடையைப் பறிக்கக் கூடாது என்ற விதியை அங்கே எழுத முடிந்தது. செயற்கையாக வளர்க்கும் முறையும் வந்தது.