நாற்காலியில் அமர்ந்து செய்வதும் யோகாசனம்தான்

யோகா வகுப்பில் சேர வருபவரிடம் "சம்மணம் போட்டு உட்கார முடியுமா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், அந்த வகுப்பு யாருக்கானது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. மூட்டு தேய்ந்த பெரியவரும் பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவரும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். பல நிலையங்கள் மின்தூக்கி இல்லாத மாடியில் இருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவர் அந்த வாசலுக்கே போய்ச் சேருவதில்லை.

இவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்தலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. சிலருக்கு அது தேவைதான். ஆனால் ஒரே ஆசனத்தை நாற்காலியிலும் சுவரோரத்திலும் படுத்த நிலையிலும் கற்பிக்கத் தெரியாதவருக்கு ஆசிரியர் சான்றிதழே தரக்கூடாது என்பது என் கருத்து.

இது மேல்நாட்டுப் புதுமை அல்ல. 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் ஒவ்வொருவரின் வயதுக்கும் நோய்க்கும் ஏற்பத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையமும் அதே வழியில் நடந்தது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் பட்டை, மரக்கட்டை, நாற்காலி, கயிறு ஆகியவற்றைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். 13 வயதில் கார் விபத்தில் மார்புக்குக் கீழே செயலிழந்த அமெரிக்கரான மாத்யூ சான்ஃபோர்ட், ஐயங்கார் முறையைக் கற்று, இன்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிறருக்குக் கற்பிக்கிறார்.

பக்கவாதத்துக்குப் பின் வலது கை தானாக உயராத ஓர் அம்மா எங்கள் வகுப்புக்கு வருகிறார். பாதங்கள் தரைக்கு எட்டாததால் கீழே இரண்டு மரக்கட்டைகளை வைத்து, நாற்காலியில் முதுகு சாயாமல் அமர்ந்து, இரு கை விரல்களையும் கோத்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தி, விடும்போது மடிக்கு இறக்குகிறார். தோள் உயரத்துக்கு மேல் போவதில்லை. வலுவிழந்த தோளை வலிந்து இழுத்தால் மூட்டு விலகக்கூடும். பக்கத்தில் நிற்பவர்கள் தலைக்கு மேல் கை தூக்குவதும் அதே மூச்சில்தான் நடக்கிறது. அவர் செய்வது குறைந்த ஆசனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக, எல்லாருக்கும் எல்லாம் பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இழந்தவருக்குப் பட்டை இறுகுவதோ கட்டை அழுத்துவதோ தெரியாது என்பதால், புண் வராமல் ஆசிரியரே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர் மூச்சை அடக்கக்கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தக்கூடாது. யாருடைய உடலையும் கேட்காமல் தொட்டுத் திருத்தக்கூடாது. (இந்தக் கடைசி விதி எல்லா மாணவர்களுக்கும் உரியது என்பதைச் சில ஆசிரியர்கள் இன்னும் உணரவில்லை.)

நம் ஆசிரியர்களில் பலர் தாம் செய்துகாட்டி "இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லிப் பழகியவர்கள். பார்வையற்ற மாணவருக்கு அந்த "இப்படி" எதையும் சொல்வதில்லை. "வலது குதிகாலைச் சுவரில் பதித்து, இடது பாதத்தை ஓர் அடி முன்னே வையுங்கள்" என்பது அவருக்குப் புரியும். பார்வை உள்ளவருக்கும் அதுவே தெளிவு. செவித்திறன் குறைந்தவர் கண்ணை மூடிச் சவாசனத்தில் படுத்தபின் குரல் கொடுத்துப் பயனில்லை. எப்போது எழ வேண்டும், அதற்கு எங்கே தொட்டு உணர்த்துவோம் என்பதை முன்கூட்டியே அவருடன் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சித் தேர்வில் சிரசாசனத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள், ஒரே ஓர் ஆசனத்தையாவது உடலால் காட்டாமல் சொல்லால் மட்டும் கற்பிக்கச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.