கத்திரி வெயில் கணக்கெடுப்பு

(மதுரை செல்லூரில் ஒரு மாடி வீடு. மே மாதம், மதியம் ஒரு மணி. பாண்டியம்மாள் மேல் வீட்டுக் கூடத்தில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. தம்பி சோலைமலை கையில் நோட்டுடன் படியேறி வருகிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா இன்னும் காதில்தான் இருக்கும்.)

சோலைமலை: அக்கா... (மூச்சு வாங்குகிறார்) உச்சி வெயிலில் பெரியவர்கள் யாரும் வெளியே வரக் கூடாதாம். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

பாண்டியம்மாள்: தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் வந்து சொல்கிறாயாக்கும்.

சோலைமலை: நான் என்ன பெரியவனா? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற பொண்ணு இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறது. தெருவில் 65 வயசு தாண்டியவர்கள் யார், தனியாக இருப்பவர்கள் யார் என்று எழுதித் தர வேண்டும். கத்திரி முடிகிற வரை தினமும் ஒரு ஆள் போய் அவர்களை எட்டிப் பார்க்க வேண்டுமாம்.

பாண்டியம்மாள்: நல்ல காரியம். எழுது. மூன்றாம் வீட்டு வாத்தியார்.

சோலைமலை: எழுதியாச்சு.

பாண்டியம்மாள்: இட்லிக் கடை அத்தை.

சோலைமலை: எழுதியாச்சு. வைதுகொண்டேதான் வயசைச் சொன்னார்கள். அப்புறம்... (பேனா மெதுவாக அக்கா பக்கம் திரும்புகிறது.)

பாண்டியம்மாள்: அப்புறம் யாரும் இல்லை. அத்தோடு தெரு முடிந்தது.

சோலைமலை: உன் வயசு?

பாண்டியம்மாள்: அந்தப் பொண்ணு வைத்திருக்கிற அட்டையிலேயே இருக்கும். 62.

சோலைமலை: போன வருஷமும் 62 என்றுதானே சொன்னாய்?

பாண்டியம்மாள்: பேச்சு மாற மாட்டாள் இந்தப் பாண்டியம்மாள். அது சரி, வெயில் வெயில் என்று எதற்கு இந்தக் கூப்பாடு? நேற்று டிவியில் மதுரை 104 டிகிரி என்றான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சோலைமலை: தெரியாமல் இருப்பதுதான் ஆபத்தாம். வயசானால் தாகம் சரியாக எடுக்காது, வேர்வையும் குறைந்துவிடும். உள்ளே சூடு ஏறுவது நமக்கே தெரியாது. (நோட்டைப் புரட்டி) 104ஐ மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வெயில் 104. உடம்புச் சூடு 104ஐத் தொட்டு, ஆள் பேச்சுக் குழறினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, வெப்பவாதம். டாக்டரிடம் சந்தேகம் கேட்கிற போன் நம்பரும் 104.

பாண்டியம்மாள்: பேச்சுக் குழறுகிற ஆள் போன் போட்டு என்னத்தைக் கேட்பான்?

சோலைமலை: அந்த நேரத்தில் 104 வேண்டாம், 108. வண்டி வரும் வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தண்ணீர் விடக் கூடாது. புரை ஏறிவிடும்.

பாண்டியம்மாள்: 108 தேங்காய். மறக்க மாட்டேன். ஆனால் குழறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? உன் மச்சான் நன்றாக இருந்த காலத்திலேயே அப்படித்தானே பேசினார்.

சோலைமலை: அதை நோட்டில் எழுத முடியாது. காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாய்?

பாண்டியம்மாள்: காபி குடித்தேன்.

சோலைமலை: தண்ணீரைக் கேட்டேன்.

பாண்டியம்மாள்: காபியை என்ன பெட்ரோலிலா போடுகிறார்கள்?

சோலைமலை: மானாமதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்த பானை. கழுத்து வரை அப்படியே நிற்கிறது. ஒரு தம்ளர்கூடக் குறையவில்லையே.

பாண்டியம்மாள்: பானை மேல் குற்றம் இல்லை. (குரலைத் தாழ்த்தி) குடித்தால் போக வேண்டுமே.

சோலைமலை: எங்கே?

பாண்டியம்மாள்: எங்கே என்று கேட்கிறானே! கக்கூஸ் கீழே இருக்கிறது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் அழகரில் ஆரம்பித்துப் பாண்டி முனி வரைக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

(சோலைமலை வாயடைத்துப் போகிறார். பல வீடுகளில் கதை இதுதான். வெளியூர்ப் பிள்ளைகள் "தண்ணி குடிம்மா" என்று தினமும் போனில் ஓதுவார்கள். கக்கூஸ் எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.)

சோலைமலை: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? கீழ் வீடு காலியாகத்தானே கிடக்கிறது. கத்திரி முடிகிற வரை கட்டிலைக் கீழே போட்டுவிடலாம். இங்கே தளம் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி முழுக்க உன் தலையில் இறக்குகிறது.

பாண்டியம்மாள்: கீழே போனால் தெருவை வேடிக்கை பார்க்க முடியாதே.

சோலைமலை: கீழே இருந்தால் தெருவோடு நேராகவே சண்டை போடலாம்.

பாண்டியம்மாள்: (உளுந்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார்) அது ஒரு வசதிதான்.

சோலைமலை: இன்னொன்று. போகும்போது என்ன கலர் என்று பார்க்கச் சொன்னது அந்தப் பொண்ணு.

பாண்டியம்மாள்: எது?

சோலைமலை: அதுதான்.

பாண்டியம்மாள்: எதுடா?

சோலைமலை: (கூரையைப் பார்த்தபடி) அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம். நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். நீயே பார்த்து, நீயே குடித்துக்கொள்.

பாண்டியம்மாள்: நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. போன வாரம் தலை சுற்றியபோது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் குடித்தேன். ஒரு பொட்டலத்தை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொண்டேன். தம்ளருக்கு ஒரு சிட்டிகை.

சோலைமலை: அடியாத்தே! அந்தப் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்ட வேண்டும். அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். உனக்கு பி.பி. வேறு. அதில் உப்பு இருப்பதால் தினப்படிக்கு அது ஆகாது. உனக்குத் தண்ணீர், உப்புக் குறைத்த மோர், நுங்கு போதும்.

பாண்டியம்மாள்: அப்படியானால் வாத்தியாரிடமும் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லிவிடு.

சோலைமலை: அங்கேதான் சிக்கல். அவர் இருதயத்துக்கு நீர் மாத்திரை போடுகிறார். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாதிரி ஆட்கள் வெயில் காலத்துக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது, தண்ணீரை நாமாகக் கூட்டவும் கூடாது. (சுவரைப் பார்க்கிறார்) ஆமாம், பெங்களூரில் இருக்கிற பையன் வாங்கி மாட்டின ஏசி எங்கே?

பாண்டியம்மாள்: அந்தச் சேலைக்குப் பின்னால்.

(சேலையை விலக்குகிறார். ஏசியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருக்கின்றன. ரிமோட் பாலித்தீன் உறையில் ஆணியில் தொங்குகிறது.)

சோலைமலை: சாமி கும்பிடவா பையன் வாங்கிக் கொடுத்தான்?

பாண்டியம்மாள்: கரண்ட் பில்லை யார் கட்டுவது? 100 யூனிட் இலவசம் தாண்டிவிடும்.

சோலைமலை: நீ ஃபேனை விடிய விடிய ஓட விடுகிறாய், ஃப்ரிட்ஜும் ஓடுகிறது. இலவசம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது. மத்தியானம் இரண்டு மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு படு. அதுவும் வேண்டாம் என்றால் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார். சும்மா ஃபேன் மட்டும் என்றால் இந்த வெக்கையில் அது அடுப்புக் காற்றைத்தான் சுற்றுகிறது.

பாண்டியம்மாள்: ஈரத் துண்டா? சளி பிடிக்கும்.

சோலைமலை: சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் ஊரே தோப்பறைத் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அவருக்குச் சளி பிடித்ததா?

பாண்டியம்மாள்: அவர் காரியம் முடிந்ததும் மலைக்குப் போய்விடுவார். நான் செல்லூரில்தானே கிடக்க வேண்டும்?

(சோலைமலை கேட்கவில்லை. பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, துண்டை நனைத்து, பாதி பிழிந்து அக்கா கழுத்தைச் சுற்றிப் போடுகிறார். நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உளுந்து முறத்தில் விழுகிறது. வழக்கமாக இதற்கு ஒரு வசவு உண்டு. வரவில்லை. ஃபேன் காற்று துண்டில் பட, பாண்டியம்மாள் கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டு நிமிஷம் பேச்சே இல்லை. செல்லூரில் இது ஒரு செய்தி.)

சோலைமலை: அக்கா? குழறுகிறதா? 108க்குப் போடவா?

பாண்டியம்மாள்: சும்மா இருடா. (கண்ணைத் திறக்காமல்) ஆமாம், அந்த நோட்டில் உன் பேர் எங்கே? நீயும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற ஆள்தானே. உன் பெண்டாட்டி மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆகிறது. தனியாக இருப்பவர் பட்டியலில் நீயும் உண்டு.

சோலைமலை: எனக்கு 64தான். 65 தாண்டினால்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூட சர்டிபிகேட் வீட்டில் இருக்கிறது.

பாண்டியம்மாள்: சர்டிபிகேட்டை எழுதின ஆள் நீ பிறந்தபோது பக்கத்தில் இருந்தாரா? வைகை அணை திறந்த வருஷம் பிறந்தவன் நீ. 1959. கொடு நோட்டை. (பிடுங்கி எழுதுகிறார்) சோலைமலை. 65 தாண்டியவர். தனி ஆள். வெயிலில் தலைக்குத் துண்டு போடாதவர்.

சோலைமலை: அதெல்லாம் கட்டத்தில் இல்லை அக்கா.

பாண்டியம்மாள்: ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

சோலைமலை: 59 என்று உனக்கு நல்லாத் தெரியுமா?

பாண்டியம்மாள்: தெரியாமல்? அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மருத்துவச்சிக்கு வெந்நீர் தூக்கிக் கொடுத்ததே நான்தான். மூன்றாம் வகுப்பு டீச்சர் மறுநாள் முட்டி போட வைத்தார்.

சோலைமலை: (விரல் விட்டு எண்ணுகிறார்) மூன்றாம் வகுப்பு என்றால் எட்டு வயசு. 59இல் எட்டு போனால்...

பாண்டியம்மாள்: மோர் குடிக்கிறாயா தம்பி?