இரண்டும் ஒரே மேகம் இல்லை

அபூர்வ மேகங்களைப் பற்றி நீங்கள் படங்களோடு வெளியிட்ட கட்டுரையில் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேகத்தையும் ஆஸ்பெரிட்டாஸ் மேகத்தையும் ஒன்றாகக் குழப்பிவிட்டீர்கள். முதல் படத்தில் கரையில் மடங்கி விழும் அலைபோல வரிசையாகச் சுருண்டிருக்கிறதே, அதுதான் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ். கடலுக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதுபோல வானமே கொந்தளிக்கும் இரண்டாவது படம் ஆஸ்பெரிட்டாஸ். லத்தீனில் 'சொரசொரப்பு' என்று பொருள். மேகங்களை வகைப்படுத்தும் நூலான சர்வதேச மேக அட்லஸின் 2017 பதிப்பில்தான் இரண்டுக்கும் முறையான இடம் கிடைத்தது. சுருள் அலைக்கு அங்கே ஃப்ளக்டஸ் என்று பெயர்.

சுருள் வருவதன் காரணம் எளிமையானது. மேலடுக்குக் காற்று வேகமாகவும் கீழடுக்கு மெதுவாகவும் போகும்போது, நடுவிலுள்ள எல்லை முதலில் லேசாக நெளியும். வேக வித்தியாசம் போதுமான அளவு இருந்தால் அந்த நெளிவு எழும்பி, நுனி முன்னால் மடங்கிவிடும். மேகம் இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். மேகமே இல்லாத வானத்திலும் இதே சுருட்டல் நடக்கும். விமானம் திடீரென்று குலுங்க இதுவும் ஒரு காரணம். வியாழனின் மேகப் பட்டைகளிலும் இதைப் பார்க்கலாம்.

நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். மாலை வெயிலில் ஐந்து கொக்கிகள், ஒவ்வொன்றின் நுனியும் பிய்த்த பஞ்சுபோல. போனை எடுத்து லென்ஸைத் துடைத்து நிமிர்வதற்குள் கடைசி இரண்டும் கரைந்துவிட்டன. கிடைத்த படத்தில் பாதி மின்கம்பிதான்! அதனால், இந்தச் சுருளை 'மணிக்கணக்கில் ரசிக்கலாம்' என்று கட்டுரையில் வரும் வரியையும் திருத்திவிடுங்கள்.