ஒரு மோட்டார், ரெண்டு தொட்டி, ஒரு ரீசெட் லைன்

கானாடுகாத்தானுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் ஊர் வீட்டின் பின்கட்டில் ஒரு போர் மோட்டார். தொட்டி ரெண்டு: ஒன்று எங்களுக்கு, இன்னொன்று சித்தப்பா வீட்டுக்கு. சுவிட்ச் மட்டும் ஒன்றுதான். எங்கள் தொட்டி பாதி ஏறியிருக்கும்போதே சித்தப்பா வீட்டில் யாராவது "ரொம்பிருச்சு" என்று அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இதை வைத்தே ரெண்டு வீட்டுக்கும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

நான் பிழைப்புக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது லினக்ஸில் ஒரு சிப்பை ஓட்டுகிற நிரல், எழுதுகிறவன். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு போன மாசம் முழுக்க இதே பங்காளிச் சண்டையை ஒரு சர்க்யூட் போர்டில் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் சிப் ரெண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ப்ராசஸரில் ஒரு பின்னை (வயர் சேரும் கால்) மிச்சம் பிடிக்க, ரெண்டு சிப்பின் ரீசெட்டையும், அதாவது சிப்பை முதலிலிருந்து தொடங்க வைக்கும் கம்பியை, ஒரே ஜிபிஐஓ லைனில் (டிரைவர் ஏற்றி இறக்கக்கூடிய பின்) முடிந்துவிட்டிருந்தார்கள். முதலில் வந்த டிரைவர் லைனைப் பிடித்துக்கொண்டது. அடுத்து வந்து கேட்டதற்கு லினக்ஸின் மையமான கெர்னல் மைனஸ் 16 என்று திருப்பி அனுப்பியது. அதாவது 'பிஸி', ஆள் இருக்கிறது, போ. ஒரு ஸ்பீக்கர் ஊமை.

எனக்கு முன்னால் இதைப் பார்த்த புண்ணியவான் 'நான்எக்ஸ்க்ளூசிவ்' என்ற கொடியை (நிரலில் போடும் ஃப்ளாக்) ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அதைப் போட்டால் யார் வேண்டுமானாலும் அதே லைனைக் கையில் எடுக்கலாம், கெர்னல் தடுக்காது. ரெண்டு டிரைவரும் எழுந்தன. முதல் டிரைவர் ரீசெட்டை இழுத்து, விட்டு, சிப்பின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்டர்களையெல்லாம் எழுதி முடித்து உட்காரும். பிறகு ரெண்டாவது வந்து தன் சிப்புக்காக அதே லைனை இழுக்கும். முதல் சிப்பில் எழுதியது மொத்தமும் காலி. யார் முதலில் வருவார் என்பது போர்டை ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால் ஒரு நாள் இடது ஊமை, மறுநாள் வலது ஊமை. சால்டரிங்கைச் சந்தேகப்பட்டு நாலு நாள் போனது.

பின்னைப் பங்கு போட்டதை நான் குறை சொல்லவில்லை. செட்டிநாட்டில் பிறந்துவிட்டு, ஒரு வீடு முப்பது பங்காளிக்குச் சொந்தமாக இருப்பதைக் குறை சொன்னால் ஊர் சிரிக்கும். முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது, அறை அவரவருக்கு, அது இத்தனை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏன் நடக்கிறது? கணக்கு இருக்கிறது. கல்யாணமானால் ஒரு புள்ளி, கோயிலில் பதிவு, புள்ளிக்கு இவ்வளவு வரி. எனக்கு எரிச்சல் அந்தக் கொடி மேல்தான். அது பங்கு போடுகிறது, கணக்கு வைப்பதில்லை.

கெர்னலின் மற்ற மூலைகளில் இது ஒழுங்காகவே நடக்கிறது. 'என்னைக் கவனி' என்று கார்டு ப்ராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் லைனைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் செருகும் பழைய பிசிஐ கார்டுகள் பல சேர்ந்து ஒரே லைனை இழுக்கும். எல்லா டிரைவரும் 'பகிர்ந்துகொள்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கெர்னல் சேர்க்கும், ஒருவர் சொல்லாவிட்டாலும் இடமில்லை. முகப்பில் மணி அடித்தால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் எட்டிப் பார்த்து "எங்களுக்கு இல்லை" அல்லது "எங்களுக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். 1,00,000 தடவை அடித்து அதில் 99,900 தடவைக்கு மேல் யாருமே ஏற்காவிட்டால், கெர்னல் 'நோபடி கேர்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டு மணியின் வயரையே பிடுங்கிவிடும். இவ்வளவு மனம் நொந்த எரர் மெசேஜ் வேறு இல்லை.

சிப்புகளுக்குப் பவர் கொடுக்கும் ரெகுலேட்டரிலும் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உண்டு. கடைசி ஆள் அணைத்தால்தான் அணையும்.

ரீசெட்டில்தான் சிக்கல். அதற்கும் பகிரும் முறை இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது. ஆனால் "ரீசெட்டை இழு" என்று ஒரு டிரைவர் சொன்னால், மற்றவர் யாராவது சிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் வரை லைன் அசையாது. வயர்மேன் உங்கள் அறையில் வேலை பார்க்க மெயினை அணைக்கச் சொல்கிறார், நீங்களும் "சரி" என்கிறீர்கள், அடுத்த கட்டில் கிரைண்டர் ஓடுவதால் யாரும் அணைக்கவில்லை. வயர்மேன் வயரில் கை வைக்கிறார். தொங்கிப்போன சிப்பை ரீசெட் செய்து எழுப்பலாம் என்று நம்பி எழுதிய டிரைவரின் கதி அதுதான். எண்ணிக்கை இதற்கு மருந்தில்லை. அந்தச் சிப்புக்குத் தனி பின் வேண்டும், ஒரு பின்னில் மிச்சம் பிடிக்கிற காசு எத்தனை பைசா என்று போர்டு போடுகிறவரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். "சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம்ணே" என்றார்.

எங்கள் ஆம்ப்ளிஃபையருக்குத் தொடக்கத்தில் ஒரு தடவை ரீசெட் விட்டால் போதும் என்பதால் தப்பித்தேன். லினக்ஸ் 6.9-இல், அதாவது 2024-இல், இதற்கென்றே ஒரு ஏற்பாடு வந்தது. டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியலில், ரெண்டு சிப்பும் ஒரே ஜிபிஐஓவை ரீசெட்டுக்குக் காட்டினால், நடுவில் ஒரு ரீசெட் கன்ட்ரோலரை கெர்னலே உட்கார வைக்கும். டிரைவர்கள் லைனைத் தொடுவதில்லை, நடுவில் இருப்பவரிடம் சொல்கின்றன. லைன் பொது என்பதே அவற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை. கொடியை இறக்கினேன், ரெண்டு ஸ்பீக்கரும் பாடின.

மோட்டார் விஷயத்தை ஆத்தா எனக்கு முன்பே தீர்த்திருந்தது. சுவிட்ச் பக்கத்துச் சுவரில் சாக்பீஸ். போடுகிறவர் ஒரு கோடு போடணும். தொட்டி நிறைந்தவர் ஒரு கோட்டை அழிக்கணும். கோடே இல்லையென்றால்தான் அணைக்கணும். பொங்கல் வரைக்கும் நன்றாக ஓடியது. பொங்கலுக்கு வந்த சித்தப்பா மகன் கோட்டைப் போட்டுவிட்டு, அழிக்காமல் சென்னைக்கு வண்டி ஏறிவிட்டான். ரெண்டு தொட்டியும் வழிந்து வளவு முழுக்கத் தண்ணீர், சுவரில் ஒற்றைக் கோடு, யாருக்கும் அணைக்கத் தைரியமில்லை.

இப்போது கோட்டுக்குப் பக்கத்தில் பெயரும் எழுதணும் என்று ஆத்தா சொல்லிவிட்டது. கெர்னலின் ரெகுலேட்டர் நிரலில் யார் யார் எத்தனை தடவை போட்டார்கள் என்று தனித்தனியாகவே எண்ணுகிறார்கள், அழிக்காமல் கிளம்பினால் கெர்னல் வார்னிங் போடும் என்றேன். "அவுகளுக்கும் சென்னைல பங்காளி இருக்காகளா?" என்று கேட்டது.