தணல் கட்டிலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

பிள்ளை பெற்ற கம்போடியப் பெண் ஒருத்தி, அடியில் தணல் போட்ட கட்டிலில் படுத்திருக்கும் அந்த வீடியோவை நேற்று மட்டும் ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "நீங்க கம்போடியாவில இருந்தவங்கதானே, இதெல்லாம் நிஜமா?" என்று கேள்வி வேறு. நிஜம்தான். பிள்ளை பெற்றவளை மூங்கில் கட்டிலில் படுக்கவைத்து அடியில் தணல் போடுவது கம்போடியாவின் பெரும்பான்மை இனமான கெமர் மக்களின் கிராமங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம். உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்ற நம்பிக்கை. அதற்காகப் பச்சை உடம்புக்காரியைப் படம்பிடித்து, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போடுவதா? கீழே நம் ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இப்படி இருந்தால் ஏன் சாக மாட்டார்கள்?"

அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. அங்கே தாய்மாரைக் கொன்றது தணல் இல்லை. ரத்தப்போக்கு நிற்காமல், வலிப்பு வந்து, பார்க்க ஆள் இல்லாமல் செத்தார்கள். 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட சர்வாதிகாரி பொல் பொட்டின் ஆட்சியில் மருத்துவர்கள் கொல்லப்பட்டார்கள், தப்பிய பலர் நாட்டைவிட்டே போனார்கள். கிராமத்துக்கு மிஞ்சியது மருத்துவச்சிப் பாட்டிதான். 2005 கணக்கெடுப்பில், உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 472 தாய்மார் இறந்தார்கள். 2010இல் 206. 2021-22இல் 154. இத்தனைக்கும் தணல் போடும் வழக்கம் ஒழிந்துபோகவில்லை. மாறியது வேறு. படித்த மருத்துவச்சிகளை அரசு கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பியது. 2007 முதல், அங்கே உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், பிரசவம் பார்த்தவர்களுக்கு 15 டாலர் ஊக்கத்தொகை கொடுத்தது. ஏழைகளின் மருத்துவச் செலவுக்குத் தனி நிதி வந்தது. 2005இல் நூற்றில் 22 பிரசவம்தான் மருத்துவ நிலையங்களில் நடந்தது. 2021-22இல் 98. யாரும் சிரித்ததால் நடந்ததில்லை இது.

ப்ரே வெங் மாகாணத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மருத்துவச்சி அக்காவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் தணல் தகதகவென்று கிடந்தது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வீட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். அப்புறம் அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், துணியில் ரத்தம் எவ்வளவு என்று பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கடைசியாகத்தான், "யெய், பாதித் தணலை எடுத்துடலாமா? இவளுக்கு வியர்த்துக் கொட்டுது" என்றார். யெய் என்றால் பாட்டி. பாட்டி எழுந்து, தானே தணலை வாரி மண்சட்டியில் போட்டார்.

"அப்படியானால் இதை ஆதரிக்கிறீர்களா?" என்று வருவார்கள், தெரியும். இல்லை. தீக்காயம் படும், உடம்பில் நீர் வற்றும், ரத்த அழுத்தம் உள்ளவளுக்கு இன்னும் மோசம். நான் செவிலியர், இது எனக்குத் தெரியாதா? தணலைக் குறைக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். "விழிப்புணர்வுக்காகத்தான் போட்டோம்" என்கிறார்கள். யாருக்கு விழிப்புணர்வு? அந்தப் பாட்டிக்கா? தமிழில் பேசிச் சிரித்தது அவருக்கு எப்படிப் புரியும்?

சிரிப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் தலைப்பிரசவத்தில், நம் ஊர் ஆஸ்பத்திரியில்தான், வலி தாங்காமல் கத்தினேன். "படுக்கும்போது இனிச்சுதா?" என்று ஒருவர் கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பதினாறு வருடம் ஆகிறது. இரண்டாவது பிரசவத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கால் வரவில்லை. வலி முற்றும்வரை வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தாமதித்தால் என்ன ஆகும் என்று படித்த நானே அப்படிக் கிடந்தேன். படிக்காதவள் வரவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

கெமர் மொழியில் பிரசவத்தை 'ஆற்றைக் கடப்பது' என்பார்கள். அந்த வீடியோவில் இருப்பவள் இப்போதுதான் கடந்து வந்திருக்கிறாள். முகத்தை மூடத் துணியை இழுக்கப் பார்க்கிறாள், எட்டவில்லை. ஒரு கையில் பிள்ளை இருக்கிறது. இனி அதை எனக்கு அனுப்பாதீர்கள்.