மண்ணெண்ணெய் மானியம்: போட்டுக்குக் கிடைத்தது, கூலிக்குப் போனவனுக்கு இல்லை

2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவோடு இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எரிபொருள் மானியத்தால் வசதியானவனுக்குத்தான் லாபம், அதை வெட்டியது சரி என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். பெற்றோல் விசயத்தில் நானும் அந்தக் கட்சிதான். பெரிய ஜீப்புக்கு அரசாங்கம் ஏன் காசு கட்ட வேண்டும்? ஆனால் மண்ணெண்ணெயில் ஜீப் ஓடாது. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் அதை வாங்குகிறவர்கள் திருக்கடலூரிலிருந்து புல்மோட்டை வரைக்கும், அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூரிலும் சின்னப் போட்டில் தொழில் செய்கிறவர்கள், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர்கள், காஸ் வாங்க முடியாத வீட்டுக்காரர்கள்.

டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்தார்கள் என்பது பொய் என்று சொல்லமாட்டேன். அந்த மாதம் டீசல் 430, மண்ணெண்ணெய் 87. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பஸ்காரன் கலக்கத்தான் செய்வான். மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு, டீசல் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். தேய்ந்தாலும் அன்றைய கணக்குக்கு அவனுக்கு லாபம். ஆனால் அந்தத் திருட்டை அடைக்க ஒரே இரவில் நாலு மடங்காக்கியதில் மாட்டியவர்கள் வேறு ஆட்கள்.

கடல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் என்று வைப்போம். பழைய விலையில் 1,740 ரூபாய், புதிய விலையில் 6,800. மீன் 15,000 ரூபாய்க்குப் போகிறது. முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதி போட், இஞ்சின், வலைக்கு. மறுபாதி மூன்று பேருக்கு. முன்பு ஆளுக்கு 2,210 ரூபாய் வந்திருக்கும், புதிய விலையில் 1,366. மீன்பாடு மோசமாகி 7,000க்குத்தான் மீன் என்றால் முன்பு 876 வரும். புதிய விலையில் 33 ரூபாய். வெறும் முப்பத்து மூன்று! மீன் விலையும் ஏறியதுதானே என்பீர்கள். ஏறியது, ஆனால் பாடு இல்லாத நாளில் விலை ஏறி என்ன பிரயோசனம்? பங்கு பிரிக்கும் முன்பே எண்ணெய்ச் செலவு கழிவதால், போட்டும் வலையும் இல்லாத அந்த மூன்று பேரும் சேர்ந்து அதில் பாதியைச் சுமக்கிறார்கள். எரிபொருளோடு கலக்கும் 2டி ஒயில், ஐஸ் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

போட்காரன் கையில் காசு இல்லாவிட்டால் மீன் வாங்கும் முதலாளி எண்ணெய் அடித்துத் தருவார். அதற்கு வட்டி எழுதமாட்டார். மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் வட்டி.

மிச்சம் பிடிக்கப் போய் இஞ்சினும் கெடுகிறது. மண்ணெண்ணெய் இஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓட்ட வேண்டும். கார்பரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீருவதற்குத்தான் இது. பெற்றோல் 470 விற்ற நாட்களில் இந்தக் கடைசி வேலையைத்தான் முதலில் விட்டார்கள். அடுத்த நாள் விடிய பிளக் நனைந்து கிடக்கும், கயிறு இழுத்துக் கை ஓயும். 2டி ஒயிலைக் குறைத்துக் கலந்தவர்களுக்குப் பிஸ்டன் உராய்ந்து இறுகியது. திருத்தும் செலவு போட்காரனுக்கு, ஆனால் திருத்தி முடியும் வரை தொழில் யாருக்குமே இல்லை.

வீட்டில் 12.5 கிலோ காஸ் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், 2022 ஏப்ரலில் 4,860. காஸிலிருந்து மண்ணெண்ணெய் குக்கருக்கு இறங்கியவர்களை ஆகஸ்ட் விலை விறகுக்குத் தள்ளியது. நாளைக்கு அரை லீற்றர் எரித்தால் மாதம் 1,305 ரூபாயாக இருந்தது 5,100 ஆனது. பிறகு விலை இறங்கி 2025 ஜூலையில் லீற்றர் 185 ஆக இருந்தது உண்மை, ஆனாலும் அது 87இன் இரண்டு மடங்குக்கு மேல்.

(எங்கள் மாவட்டத்துச் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி இருந்தும் எங்களுக்கு ஏன் இந்த விலை என்று கேட்பவர்களுக்கு: தாங்கி பக்கத்தில் இருப்பதால் விலை குறையாது. இறக்குமதி விலையும் ரூபாயின் பெறுமதியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. அதைவிட, தாங்கிகளில் பெரும்பங்கு பல காலம் வெறுமையாகவே கிடந்தது.)

2024 ஒக்டோபரில் மீனவருக்கு நிவாரணம் வந்தது: லீற்றருக்கு 25 ரூபாய், நாளுக்கு 15 லீற்றர், மாதம் 25 நாள், கூடியது 9,375 ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் கொடுத்தது பதிவுள்ள போட்டுக்கு. அதைப் பங்குக்குள் போடுவதும் போடாததும் போட்காரனின் மனசாக இருந்தது. அதோடு லீற்றர் கணக்கில் கொடுத்தால் மாரியில் ஒன்றும் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கள் கடல் அடிக்கும்போது யார் 25 நாள் போகிறான்? கையில் சதம் இல்லாத அந்த மாதங்களில்தான் வீட்டுக்குக் காசு தேவை. ஏழை வீடுகளுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் இருக்கிறதே என்றால், அதன் 22 அளவுகோல்களும் வீட்டின் நிலையைப் பார்த்துப் புள்ளி போடுபவை. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் கடல் வருமானம் அவற்றில் சரியாகப் பிடிபடாது.

விலையை மறுபடி 87க்குக் கொண்டுவா என்று கேட்கவில்லை, கொண்டுவந்தால் பஸ்காரன் திரும்பவும் கலப்பான். இனிக் கொடுக்கும் நிவாரணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போட்டுக்கு, மற்றது அதில் போகும் ஆட்களின் வங்கிக் கணக்குக்கு. போட்டுக்கு யார் யார் போகிறார்கள் என்று கடற்றொழிலாளர் சங்கங்களுக்குத் தெரியும். கடற்றொழில் பரிசோதகர் ஒப்பமிட்ட பட்டியல் ஒன்று போதும். ஆட்களின் பங்கை மாரி மூன்று மாதத்துக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். பட்டியலை ஒக்டோபருக்குள் முடிக்க வேண்டும், பிந்தினால் மாரி போய்விடும்.