பட்டினி கிடந்து விருந்துக்குச் செல்வது உதவாது

விருந்துள்ள நாளில் பகலுணவைத் தவிர்த்துவிட்டால் மாலையில் விரும்பியதை உண்ணலாம் என்று, விருந்துகளால் எடை கூடாமல் காப்பது குறித்து நான் படித்த ஒரு கட்டுரை கூறும் ஆலோசனையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. வயிறு நெடுநேரம் காய்ந்திருந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் மிகும். வயிறு நிறைந்த உணர்வு மூளையை எட்டச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், பசி வேகத்தில் அவசரமாக உண்பவர் போதும் என்று உணர்வதற்குள் தேவைக்கு மேல் உண்டுவிடுவார். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4 கலோரி தருவதால், அந்த அவசரத்தில் கை முதலில் தேடும் எண்ணெய்ப் பலகாரங்களே கணக்கைப் பெரிதும் குலைக்கின்றன.

மாறாக, புரதமும் நார்ச்சத்தும் உள்ள சிற்றுணவை முன்னதாகவே உண்டு செல்லலாம். உணவு மேசைக்கு அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தால் கை தன்னையறியாமல் தட்டுக்குப் போகும். தள்ளி அமர்வதே நல்லது. அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவே. ஆனால் அது பின்னர் எளிதில் குறையவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.